கரண்ட் இல்லாத ஊரில் டேவிட் ஜோன்ஸ்

ஐ.ஜி.ஐ. என்று சொன்னதுமே "ஆமாமா, அந்த சைரன் சத்தம்!" என்று முகம் மலர்கிறவர்கள் ஒரு தனி ஜாதி. மதுரை டவுன்ஹால் ரோடு, சிம்மக்கல் பக்கமெல்லாம் 2000-களில் பிரவுசிங் சென்டருக்குள் ஸ்கூல் பேக்கோடு நுழைந்தவர்களில் எத்தனை பேர் மெயில் பார்க்கப் போனார்கள் என்பது அந்தந்த மனசாட்சிக்குத் தெரியும். பாதிப் பேர் போனது ஒரு கம்பி வேலியைத் தாண்ட. வேலிக்கு அந்தப் பக்கம் காவல் கோபுரம், கோபுரத்தில் ஒருத்தன், கீழே நாலு பேர். எப்படியும் அஞ்சாவதாக ஒருத்தன் பின்னாலிருந்து சுடுவான். செத்ததும் மறுபடி முதலிலிருந்து.

முழுப் பெயர் ப்ராஜெக்ட் ஐ.ஜி.ஐ. விரித்தால் "ஐ ஆம் கோயிங் இன்". நார்வே நாட்டு இன்னர்லூப் என்ற நிறுவனம் செய்து, ஐடோஸ் 2000 டிசம்பரில் வெளியிட்டது. டேவிட் ஜோன்ஸ் என்ற ஒற்றை ஆள், 14 மிஷன், ஒவ்வொன்றிலும் ஒரு ராணுவ முகாம். இதே நிறுவனம் அதற்கு முன் ஒரு போர் விமான கேம் செய்திருந்தது (ஜாயின்ட் ஸ்ட்ரைக் ஃபைட்டர், 1997). விமானம் பறக்க எழுதிய அதே எஞ்சினில் ஒரு மனிதனை நடக்கவிட்டார்கள். அதனால்தான் ஐ.ஜி.ஐ-யில் மலையும் சமவெளியும் கண்ணுக்கு எட்டுகிற வரைக்கும் விரிந்து கிடக்கும். மற்ற சுடும் கேம்கள் பலவும் குறுகலான வராந்தாவுக்குள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இதில் மலை மேல் குப்புறப் படுத்து பைனாகுலரில் ஒரு முகாமையே முழுசாகப் பார்க்கலாம். பார்த்துவிட்டு எந்தப் பக்கம் நுழைவது என்று யோசிக்கலாம்.

குறைகளும் நிறைய. காவலர்களுக்கு மூளை கம்மி. பக்கத்தில் நிற்கிறவன் சுருண்டு விழுந்தாலும் சில பேர் அசைய மாட்டார்கள், சில பேர் அரை கிலோமீட்டரில் இருந்து நம் காதைப் பார்த்துச் சுடுவார்கள். அலாரம் அடித்துவிட்டால் பாசறைக்குள்ளிருந்து ஆள் வந்துகொண்டே இருப்பான், எறும்புப் புற்றைக் கலைத்த மாதிரி. இதையெல்லாம் மன்னிக்கலாம். அந்தக் காலத்து விமர்சகர்கள் மன்னிக்காத ஒரு விஷயம், மிஷனுக்கு நடுவில் சேவ் கிடையாது. நாற்பது நிமிடம் தவழ்ந்து, கேமராவை எல்லாம் அணைத்து, கடைசிக் கதவு வரைக்கும் போய்ச் செத்தாலும் வேலிக்கு வெளியேதான் முழிக்க வேண்டும்.

இதோடு 2012-ஆம் வருடத்து மின்வெட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு மணி நேரம் கரண்ட் இருந்தால் அடுத்த ஒரு மணி நேரம் இருக்காது. மதுரையிலும் சுற்றி உள்ள மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமும் மோசமான நாட்களில் பத்து மணி நேரத்துக்கும் மேல் போனது. கடை வாசலில் ஜெனரேட்டர் புகை, வீட்டில் பனையோலை விசிறி. அரிசி மாவு அரைக்கக்கூட கரண்ட் நேரம் பார்த்து ஊறப்போட்ட காலம். டெஸ்க்டாப் வைத்திருந்தவன் ஐ.ஜி.ஐ. ஆட உட்கார்ந்தால் அவனுக்கு எதிரி முகாமில் இல்லை, மின்வாரியத்தில் இருந்தான்.

மேலூர் பக்கம் ஒரு வீடு. அக்கா ப்ளஸ் டூ, தம்பி ஒன்பதாம் வகுப்பு, அம்மா, அப்பத்தா. அப்பா திருப்பூரில் வேலை. அந்த வீட்டுக்குள் முதன்முதலில் வந்த கம்ப்யூட்டர் அரசு கொடுத்த இலவச லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல் ஜெயலலிதா தொடங்கி வைத்த திட்டம். அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். அதில் விண்டோஸும் இருக்கும், பாஸ் லினக்ஸும் இருக்கும். லினக்ஸைத் திறந்து பார்த்தவர்கள் இருந்தால் கை தூக்கலாம்.

அந்த லேப்டாப்பில் புது கேம் எதுவும் ஓடாது. தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, ரேம் கம்மி. இத்தனைக்கும் 2012 ஒளிந்து ஆடும் கேம்களுக்கு ஒரு பொற்காலம். டிஸ்ஹானர்ட், ஹிட்மேன் அப்சொல்யூஷன், மார்க் ஆஃப் தி நிஞ்சா மூன்றும் அந்த ஒரே வருடத்தில் வந்தவை. உலகம் அதை ஆடிக்கொண்டிருந்தபோது மதுரையைச் சுற்றி இருந்த கிராமங்களில் 2000-ஆம் வருடத்து கேம் புதுப்படம் மாதிரி ஓடியது. காரணம் ரசனை இல்லை. அதுதான் அந்த மெஷினில் ஓடும். மதுரையில் காலேஜ் படித்த பெரியப்பா மகன் தீபாவளிக்கு வந்தபோது பென் டிரைவில் நாலு கேம் கொண்டுவந்தான். ஐ.ஜி.ஐ., கமாண்டோஸ், ஹிட்மேன் 2, வைஸ் சிட்டி. (காசு கொடுத்து வாங்கியதா என்று கேட்கக் கூடாது.)

லேப்டாப்பில் பேட்டரி உண்டு. கரண்ட் போனாலும் டேவிட் ஜோன்ஸ் சாக மாட்டான். அந்தத் தெருவிலேயே ஐ.ஜி.ஐ-யை நிம்மதியாக ஆடக்கூடிய ஒரே ஆள் தம்பிதான். ஆனால் அந்த பேட்டரி மேல் அவனுக்கு உரிமை கிடையாது. லேப்டாப் அக்காவுடையது, அக்காவுக்கு மார்ச் மாதம் பரீட்சை.

அவள் அதில் என்ன படித்தாள் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் படிக்கவில்லை. ராத்திரி கரண்ட் போனதும் நோட்பேடைத் திறந்து திரை முழுக்க வெள்ளையாக்கி, வெளிச்சத்தைக் கடைசி வரைக்கும் ஏற்றி, லேப்டாப்பைச் சுவரில் சாய்த்து வைத்து, அதற்கு முன்னால் உயிரியல் புத்தகத்தை விரித்துக்கொள்வாள். அரிக்கேன் விளக்குக்குப் பதில் லேப்டாப். மண்ணெண்ணெய் மிச்சம், புகையும் கிடையாது. இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அந்தத் திட்டத்தைப் போட்டவர்களும் யோசித்திருக்க மாட்டார்கள்.

தம்பிக்கு வயிறு எரிந்தது. ரெண்டரை மணி நேர பேட்டரி, அதில் பாதி ஒரு வெள்ளைத் திரைக்குப் போகிறது!

"அக்கா, அதுக்கு ஒரு மெழுகுவத்தி போதும்க்கா."

"டேய், மெழுகுவத்தி ஆடும், கண்ணு வலிக்கும். பரிச்ச எனக்கா ஒனக்கா?"

அம்மா பஞ்சாயத்துக்கு வந்தாள். "கவர்மெண்டுல படிக்கக் குடுத்தாகளா, சுட்டு வெளயாடக் குடுத்தாகளா?" தீர்ப்பு அக்கா பக்கம். ஒன்பது மணிக்கு மேல் பேட்டரி அக்காவுக்கு.

ரெண்டு வாரம் கழித்து அவர்களே ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். அவன் ஆடுவான், அவள் அந்தத் திரையின் வெளிச்சத்தில் படிப்பாள். கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி வைத்துக்கொண்டால் ரெண்டு பேருக்கும் ஆகும். ஒரே நிபந்தனை: பகல் மிஷன்தான் ஆட வேண்டும். ஐ.ஜி.ஐ-யில் சில முகாம் பகலில் இருக்கும், சிலது இருட்டில். இருட்டு மிஷன் போட்டால் புத்தகத்தில் எழுத்து தெரியாது, சண்டை வரும். அதனால் தம்பி ஒரே பகல் மிஷனைத் திரும்பத் திரும்ப ஆடினான். ஜெயித்த பிறகும் ஆடினான்.

அந்த ஒளிந்து விளையாடும் புத்தி அவனுக்குக் கொஞ்சமும் கிடையாது. கதவைக் கண்டால் ஓடுவான், ஆளைக் கண்டால் சுடுவான், சைரன் அடிக்கும், முடிந்தது. அக்கா புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்காமலே சொல்ல ஆரம்பித்தாள்: "ஓடாதடா. நில்லு. அந்தக் கூரைக்குக் கீழ இருக்கவன் இப்ப அங்கிட்டு திரும்புவான்." திரும்பினான். அவள் பார்த்துக்கூட இருக்கவில்லை. இருபது தடவை காதில் விழுந்த காலடிச் சத்தத்தை வைத்துச் சொன்னாள். ஜனவரி வாக்கில் மவுஸ் அவள் கைக்குப் போனது, புத்தகம் கொஞ்ச நேரம் கவிழ்ந்து கிடந்தது. அம்மாவுக்குத் தெரியாது.

அப்பத்தாவுக்குத் தெரியும். கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருக்கும். "ஏன்த்தா, இந்த மனுசன் எந்நேரமும் பம்மிப் பம்மியே போறானே, களவாணிப் பயலா?" என்று கேட்டது ஒரு நாள். இந்த வகை கேமுக்கு இதைவிடச் சரியான அறிமுகம் எந்தப் பத்திரிகையிலும் வந்ததில்லை.

களவாணி கேம்களின் சரித்திரமே பற்றாக்குறையில் தொடங்குகிறது என்பது சுவாரசியம். 1987-ல் ஜப்பானில் கோனாமி நிறுவனம் ஹிடியோ கொஜிமா என்ற இளைஞரிடம் எம்.எஸ்.எக்ஸ்.2 என்ற கம்ப்யூட்டருக்கு ஒரு போர் கேம் செய்யச் சொன்னது. அந்த மெஷினால் ஒரே நேரத்தில் நிறைய ஆட்களையும் குண்டுகளையும் திரையில் காட்ட முடியவில்லை. போரே காட்ட முடியாத போர் கேமை என்ன செய்வது? சண்டை போடாமல் தப்பிக்கிற கேமாக மாற்றினார். அதுதான் மெட்டல் கியர். அதற்கு ரெண்டு வருடம் கழித்து வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவில் இளவரசனின் நிழலே எதிரியாக வருவான், ஞாபகம் இருக்கிறதா? ஆப்பிள் 2-ல் இன்னொரு எதிரியைப் படம் வரைந்து வைக்க மெமரி இல்லை. ஜோர்டன் மெக்னர் இளவரசனின் படத்தையே கொஞ்சம் புரட்டிப்போட்டு இன்னொருத்தன் ஆக்கினார். மெமரி இருந்திருந்தால் அந்த நிழல் வந்திருக்காது.

இவை இரண்டுக்கும் முன்பே, 1981-ல், சைலஸ் வார்னர் என்பவர் கேஸில் வுல்ஃபன்ஸ்டைன் எழுதியிருந்தார். நாஜிக் கோட்டையில் மாட்டிய கைதி, எதிரியின் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு நழுவலாம். ஹிட்மேன் வேஷம் போடுவதற்கெல்லாம் தாத்தா அது. ஆனால் உண்மையான அறுவடை 1998-ல். டென்சூ, மெட்டல் கியர் சாலிட், தீஃப், கமாண்டோஸ் நாலும் ஒரே வருடம். ஜப்பானில் இரண்டு, அமெரிக்காவில் ஒன்று, ஸ்பெயினில் ஒன்று. கமாண்டோஸில் காவலனின் பார்வையே பச்சை நிற முக்கோணமாகத் தரையில் விழும். கிட்டே வெளிர் பச்சை, தூரத்தில் கரும்பச்சை. கரும்பச்சையில் தவழ்ந்து போனால் அவனுக்குத் தெரியாது. நம்ம ஊர்ப் பிள்ளைகள் தெருவில் ஆடும் ஐஸ்பாயில் இந்த முக்கோணத்தை மனசுக்குள்ளேயே வரைந்துகொள்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஹிட்மேன் 2 பற்றித் தனியாக ஒரு வார்த்தை. 2002-ல் வந்தது, சில மிஷன்கள் இந்தியாவில் நடக்கும். கோவில் மாதிரியான ஓர் இடம் அமிர்தசரஸ் பொற்கோவிலைப் போல இருக்கிறது என்று சீக்கியர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள், பிறகு அதை மாற்றினார்கள். எதிர்ப்பில் நியாயம் இருந்தது. தம்பிக்கு அந்த விவகாரம் எதுவும் அப்போது தெரியாது. இந்தியா வருகிறது என்று ஆசையாகப் பார்த்தான், சந்துக்குள் தலைப்பாகைகளும் துப்பாக்கியும்தான் வந்தன. "இதுல ஒரு டீக்கடைகூட இல்லையேடா" என்றாள் அக்கா. ஓடினால் சந்தேகப்படுகிற கேம் அது, நிதானமாக நடந்தால் பக்கத்தில் போகலாம். அவள் நடந்தே பாதி கேமை முடித்தாள்.

அந்த ஹிட்மேனில் சேவ் உண்டு, ஆனால் எண்ணி வைத்திருப்பார்கள். சுலபமான நிலையில் ஒரு மிஷனுக்கு ஏழு, அடுத்ததில் ரெண்டு, கடைசி நிலையில் சுத்தமாக இல்லை. இன்று பழைய கேம்களை எடுத்து ஆடுகிறவர்களுக்கு இடையில் நடக்கும் பெரிய வாக்குவாதமே இதுதான். எமுலேட்டரில் எந்த நொடியிலும் நிறுத்தி வைக்கலாம். பத்து அடி நட, சேவ். ஒருத்தனைத் தாண்டு, சேவ். மாட்டினால் லோட். இப்படி ஆடினால் மெட்டல் கியரை ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம். தப்பு என்று சொல்ல முடியாது. குழந்தை தூங்குகிற அரை மணி நேரத்தில் ஆடுகிறவர்களிடம் போய் நாற்பது நிமிட மிஷனை ஒரே மூச்சில் ஆடு என்று சொல்வது அராஜகம்.

ஆனால் அப்படி ஆடியவர்களிடம் அந்த முகாமின் வரைபடத்தைத் தாளில் வரையச் சொல்லிப் பாருங்கள். முடியாது. சேவ் இல்லாமல் ஆடியவன் பதினைந்து வருடம் கழித்தும் வரைவான். வேலி எங்கே வெட்டி இருக்கும், எந்த ஏணி சத்தம் போடும், எந்தக் கட்டடத்து கம்ப்யூட்டரில் கேமராவை அணைக்கலாம், எல்லாம். நார்வேக்காரர்கள் சேவ் வைக்காதது பெரிய திட்டத்தோடு செய்ததா, சோம்பலா என்பது வேறு விஷயம். விளைவு என்னவோ, மேலூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு அவள் போகவே போகாத ஒரு பனி தேசத்து முகாம் சொந்தத் தெரு மாதிரி ஆகிவிட்டது. இது நல்ல கேமா என்றால் சுமாரான கேம்தான். கமாண்டோஸ் அதைவிட எத்தனையோ மடங்கு புத்திசாலித்தனமானது. இருந்தும் கனவில் வருவது ஐ.ஜி.ஐ.

2013 மார்ச்சில் பரீட்சை முடிந்தது. ஏப்ரல் முழுக்க லேப்டாப் சுதந்திரமாக இருந்தது, இருட்டு மிஷன் தடையும் நீங்கியது. பதினான்காவது மிஷனை அக்காதான் முடித்தாள், கரண்ட் இல்லாத ஒரு மத்தியானத்தில், பேட்டரி எட்டு சதவீதம் காட்டும்போது. தம்பி சார்ஜர் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றான். எதற்கு நின்றான் என்று அவனுக்கே தெரியாது. உயிரியலில் அவளுக்கு எதிர்பார்த்த மார்க் வரவில்லை. ஐ.ஜி.ஐ-யால்தான் என்று தம்பி ரொம்ப நாள் உள்ளுக்குள் புழுங்கினான். அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நர்சிங் படித்தாள். இப்போது கோயம்புத்தூரில் ராத்திரி டியூட்டி பார்க்கிறாள். நோயாளிகள் முழித்துவிடாமல் வார்டுக்குள் நடக்க ஐ.ஜி.ஐ-தான் டிரெயினிங் என்று அவளே கேலி செய்வாள்.

தம்பி மதுரையிலேயே இருக்கிறான். போன வருடம் ஒரு வைராக்கியம் எடுத்தான்: விட்டுப்போன பழைய கேம்களை எல்லாம் வந்த வருடப்படி வரிசையாக ஆடி முடிப்பது. இப்போது இருக்கிற கம்ப்யூட்டரில் புது கேமும் ஓடும். ஆனாலும் கேஸில் வுல்ஃபன்ஸ்டைனில் ஆரம்பித்தான். கறுப்புத் திரையில் நாலு கோடுதான், ஆனால் ஸ்பீக்கரில் ஜெர்மன் மொழியில் காவலன் கத்தும்போது இன்றைக்கும் திடுக்கிடுகிறது. மெட்டல் கியரைப் பாதியில் விட்டு, பின் பிடித்து, முடித்தான். பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவின் அறுபது நிமிடக் கெடுவில் பதினொரு தடவை தோற்றான்.

சேவ் விஷயத்தில் அவனாக ஒரு விதி வைத்திருக்கிறான். ஒரு மணி நேரத்துக்கு ஒரு சேவ். நடுவில் கிடையாது. 2012-ல் மின்வாரியம் வைத்த அதே கணக்கு. அக்காவிடம் போனில் சொன்னபோது ரொம்ப நேரம் சிரித்தாள். "கிறுக்குப் பயலே, கரண்டு இருக்கையில எதுக்குடா கரண்டு இல்லாத மாதிரி ஆடுற?" அதற்கு அவனிடம் சரியான பதில் இல்லை.

இப்போது தீஃப்பில் நிற்கிறான். 1998, லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸ். அந்த நிறுவனம் 2000-ல் மூடப்பட்டது. தீஃப்பில் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். கல் தரையில் நடந்தால் டக் டக் என்று கேட்கும், இரும்புத் தகட்டில் கேட்டால் அவ்வளவுதான், கம்பளத்தில் பூனை மாதிரி போகலாம். தரையில் பாசி அம்பு எய்து சத்தத்தைக் குறைக்கலாம், தண்ணீர் அம்பு எய்து பந்தத்தை அணைக்கலாம். திரைக்குக் கீழே ஒரு சின்ன ரத்தினக்கல், நாம் வெளிச்சத்தில் நிற்கிறோமா நிழலில் நிற்கிறோமா என்று அதன் பிரகாசம் சொல்லும். உயர்ந்த நிலையில் மனிதர்களைக் கொல்லவே கூடாது, திருடிவிட்டு வெளியே வர வேண்டும். களவாணிப் பயல் என்று அப்பத்தா சொன்னது இந்த கேமுக்குத்தான் அச்சாகப் பொருந்துகிறது. அப்பத்தா 2016-ல் போய்ச் சேர்ந்தது.

இதை ஹெட்ஃபோன் போட்டு ஆடினால்கூட மின்விசிறிச் சத்தம் நடுவில் வந்து கெடுக்கிறது, தூரத்துக் காலடி கேட்க மாட்டேன் என்கிறது. அதனால் மே மாத மதுரை வெக்கையில் ஃபேனை அணைத்துவிட்டு உட்கார்ந்து ஆடுகிறான். "கரண்டு இருக்கும்போதே வேர்க்க வேர்க்க உக்காந்திருக்கான் பாரு" என்று அம்மா பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாள். முதல் மிஷன் ஒரு பிரபுவின் மாளிகை, ரெண்டாவது சிறைச்சாலை, ரெண்டும் இப்படியே முடிந்தன. மூன்றாவது ஒரு பாதாளக் கல்லறை. எங்கோ ஒரு மூலையில் பிணம் ஒன்று எழுந்து முனகிக்கொண்டே நடக்கிற சத்தம். ராத்திரி ஒரு மணிக்கு அது முதுகுக்குப் பின்னால் கேட்டதும் எழுந்து போய் ஃபேனை அஞ்சில் வைத்துவிட்டு, லைட்டையும் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். அந்த மிஷன் இன்னும் முடியவில்லை.